குறுக்கே பாய்ந்தவர்

முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசை நாற்காலியில் மனைவியோடு உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஜெகநாதனும் தட்டினார். கண்ணெதிரே ஒரு மனுஷன் குத்துப்பட்டு விழுந்ததற்குக் கைதட்டியதை நினைத்து அவர் பிற்பாடு பல நாள் கூசிப்போனார்.

1973, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின சாயங்காலம். திருத்தணி மலையடிவாரம் முழுக்கக் காவடிக் கூட்டம். ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கொட்டகை கொட்டகையாக நுழைந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரவணப் பொய்கைக்குப் பக்கத்துத் திடலில் ஆர்.கே.பேட்டை கோதண்டபாணி கம்பெனியார் நடத்திய ‘உயிர்க்கவசம்’ நாடகத்துக்கு இடம் போதவில்லை.

மாயாஜாலக் கதை. இளவரசியைக் கொல்ல மந்திரவாதி கத்தியோடு வருவான். குறுக்கே ஒருவர் பாய்ந்து அந்தக் குத்தைத் தன் நெஞ்சில் வாங்கிச் சாவார். அவருடைய உயிர் இளவரசியைச் சுற்றிக் கவசமாக நின்றுவிடும். அப்புறம் எந்த ஆயுதமும் அவளைத் தீண்டாது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உயிரைக் கொடுத்தவர் மனசில் துளி சுயநலமோ துளி வஞ்சமோ இருந்தால் கவசம் உடைந்துபோகும். ஜனங்கள் வாய் பிளந்து பார்ப்பது இந்தக் கட்டத்துக்காகத்தான்.

மேடைக்கு முன்னால், மேடையைப் பார்த்தபடி ஒரு தாழ்வான பலகை. அதன் மேல் ஆர்மோனியக்காரர் துரைக்கண்ணுவும் டோலக்குக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். துரைக்கண்ணுவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இடைவேளையில்கூட அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளே நடிகர்கள் டீ குடிக்கும் நேரத்திலும் ஜனங்கள் கலைந்துவிடாமல் முருகன் பாட்டாக வாசித்துத் தள்ளினார். “இந்த மனுஷன் வாசிப்புக்கே குடுத்த காசு செரிச்சுடும்” என்று ஜெகநாதனின் மனைவி மணியம்மை சொன்னாள்.

ஏழு மணிக்குக் கடைசிக் காட்சி. மந்திரவாதி வேஷம் கட்டிய வீரபத்திரன் இளவரசியை மேடையின் கோடிக்குத் துரத்தினான். ஆர்மோனியம் மேல்ஸ்தாயியில் அலறியது. பக்கத்துத் தட்டியிலிருந்து பச்சைச் சேலையில் தோழி வேஷக்காரி காஞ்சனா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஆர்மோனியப் பெட்டி ஓய்ந்து டோலக் மட்டும் தனியே அதிர்ந்துகொண்டிருக்க, வீரபத்திரன் இடுப்பு உறையிலிருந்து கத்தியை உருவி ஓங்கினான். அந்தக் கணத்தில் வேட்டியும் சட்டையுமாக ஒரு உருவம் மேடை விளிம்பில் தொற்றி ஏறி அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. கத்தி இறங்கியது.

துரைக்கண்ணு.

நாடகத்தில் இது புதுசாகச் சேர்த்த கட்டம் என்று நினைத்துத் திடலே கைதட்டியது. சிவப்பு அவர் சட்டையில் படர்ந்தபோது இன்னும் பலமாகத் தட்டியது.

“நைனா!” என்று அவர் மகள் காஞ்சனா வீறிட்டாள்.

அது வசனம் இல்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. டோலக் நின்றது. ஜெகநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு மேடைக்குத் தாவினார். துரைக்கண்ணுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் மகள். கண் திறந்தபடி இருந்தது. மூச்சு இல்லை. வீரபத்திரன் தன் கையையே பார்த்துக்கொண்டு, “மரக்கத்தி… இது மரக்கத்தி…” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அது மரக்கத்தி இல்லை. பிடியில் அதே சிவப்புத் துணி, அதே நீளம். ஆனால் அரைச்சாண் அளவுக்கு நெஞ்சில் இறங்கியிருந்தது நல்ல இரும்பு.

எட்டு மணிக்குள் திடலைக் காலி செய்தாகிவிட்டது. மேடைக்குப் பின்னால், தகரம் அடித்த வேஷ அறையில், அரிதாரம் கலையாத முகங்கள் வரிசையாக நின்றன. தலைமைக் காவலர் தேசப்பன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஜெகநாதன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

முதலில் வீரபத்திரன்.

“கனம் தெரியலையா உனக்கு?”

“உறை பித்தளை சார். கச்சையில சலங்கை வேற. அதுவே மலை மாதிரி கனம். உருவினப்பத்தான் கை இழுத்துச்சு. அதுக்குள்ள எறங்கிகினு இருக்குது சார், நிறுத்த முடியல.”

“அவ்வளவு ஓங்கி ஏன் குத்தினே?”

“மரந்தானேன்னு தினமும் அப்படித்தான் குத்துவேன். மார்ல சாயப்பை கட்டியிருப்பாங்க. அழுத்தினாத்தான் உடையும்.”

“கச்சையை எப்போ கட்டினே?”

“நாடகம் தொடங்கறப்ப. அதுக்கு முன்னால மத்தியானத்துலேர்ந்து இங்கதான் ஆணியில தொங்கிகினு இருந்துச்சு. யார் வேணா தொட்டிருக்கலாம்.”

“காலையில இளவரசன் வேஷம் கட்டற கஜபதியைப் பாத்து, ‘குத்திப்புடுவேன்டா’ன்னு சொன்னியாமே. எல்லாரும் கேட்டிருக்காங்க.”

வீரபத்திரன் தலையைக் குனிந்துகொண்டான். “ஆங். சொன்னேன்.”

“எதுக்கு?”

“அத்த சொல்லமாட்டேன் சார். என்னை அடிச்சாலும் சொல்லமாட்டேன்.”

அடுத்து கஜபதி. கம்பெனியின் ராஜபார்ட். இளவரசன் கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். அழகன்தான்.

“எனக்கு வெச்ச குத்து சார் அது! தினமும் குறுக்க பாஞ்சு சாகறது நான்தான். இளவரசன் உயிர் கொடுக்கற மாதிரிதான் கதை.”

“இன்னைக்கு ஏன் நீ பாயல?”

“காலையில அவன் பேசின பேச்சுக்கு, அவன் கத்தி முன்னால நான் எப்படி நிப்பேன்? இடைவேளையில கோதண்டபாணி வாத்தியார்கிட்ட சொல்லிட்டேன். அவர் உடனே மாத்தினாரு. இளவரசனை மந்திரத்தால கட்டிப்போட்டுட்ட மாதிரியும், தோழி பாயற மாதிரியும்.”

“அது வீரபத்திரனுக்குத் தெரியுமா?”

“எதிர்லதான் நின்னுகினு இருந்தான். உள்ள இருந்த எல்லாருக்கும் தெரியும்.”

கம்பெனி முதலாளியும் நாடகம் எழுதினவருமான கோதண்டபாணி வாத்தியார் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

“ஆமாங்க. நான்தான் மாத்தினேன். காஞ்சனாவுக்கு வசனமே கெடையாது, ஓடிவந்து விழுந்தாப் போதும்னேன். முன்னால பெட்டிக்காரரும் டோலக்கும் இருக்காங்களே, அவங்ககிட்டயும் சொல்லிடுன்னு பங்காருகிட்ட சொன்னேன்.”

சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பங்காரு தலையைச் சொறிந்தான். “சொல்லலீங்க. போறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. திரையை நான்தானே இழுக்கணும்? அப்படியே மறந்துட்டேன்.”

“துரைக்கண்ணு எப்படிப்பட்ட மனுஷன்?”

கோதண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஊதினா பறந்துடற மாதிரி இருப்பாரு. சத்தம் போட்டுப் பேசமாட்டாரு. போன வாரம் ஒரே ஒரு தடவை என்கூட வாதம் பண்ணாரு. ‘மனசு சுத்தமா இருந்தாத்தான் கவசம் நிக்கும்னு எழுதியிருக்கீங்களே, அது தப்பு வாத்தியாரே. மனசுல இன்னா இருந்தா இன்னா? ஒரு உயிரைக் காப்பாத்தணும்னு செஞ்சா, அது காப்பாத்தினதுதான்’னாரு. நான் ஒத்துக்கல. மனசு கெட்டவன் குடுத்தா அது பலி, தியாகமில்லன்னேன். ரொம்ப நேரம் பேசிகினு இருந்தோம். கடைசியில பாருங்க, பெத்த பொண்ணுக்காக நெஞ்சைக் குடுத்துட்டாரு. இதைவிடச் சுத்தம் இன்னா இருக்குது?”

கடைசியாகக் காஞ்சனா. பச்சைச் சேலை முழுக்க அப்பாவின் ரத்தம். ஜெகநாதன் துணியில் சுற்றிய கத்தியை மேசை மேல் வைத்தார். முடிச்சில் கை வைக்கும்போதே அவள் பேசினாள்.

“இதை நான் பாத்ததே இல்ல சார்.”

அவளை மேலும் வருத்த மனசில்லாமல் அவர் அனுப்பிவிட்டார். வீரபத்திரன் ஸ்டேஷன் லாக்கப்புக்குப் போனான். காலையில் போட்ட சண்டை, ஊரறிய விட்ட மிரட்டல், குத்தின கை. மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தன. அரக்கோணத்திலிருந்து போனில் பேசிய மேலதிகாரி, நாளை மத்தியானம் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்திவிடச் சொன்னார்.

விடிந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் திருவிழா இன்னொன்று தொடங்கியிருந்தது. பொண்ணுக்காக உயிரைக் கொடுத்த மகான் என்று மலையேற வந்த ஜனம் பிணவறை வாசலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது. காவடிக்குக் கட்டின மாலைகளைக் கழற்றிச் சுவரோரம் குவித்தார்கள். காஞ்சனா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக ஓர் உயிர் போயிருக்கிறது, அவளைச் சுற்றிக் கவசம் நிற்கிறது என்று நம்பி, பெண்கள் காய்ச்சல் கண்ட குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் ஒரு நிமிஷம் கிடத்தி எடுத்துப் போனார்கள். அவள் மறுக்கவும் இல்லை, தொடவும் இல்லை. கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு வெறித்தாள்.

இதைப் பார்த்துவிட்டு ஜெகநாதன் வீட்டுக்கு வந்தார். மணியம்மை இட்லித் தட்டை வைத்தாள். அவளுக்கும் தூக்கம் இல்லை.

“கண்ணை மூடினா அதே வருதுங்க. எனக்கு என்னமோ ஆவப்போவுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“எப்போ?”

“பாட்டு நின்னுச்சே, அப்பவே. அவ்வளவு நல்லா வாசிச்சிகினு இருந்த மனுஷன் பாதியில விட்டாரு. எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தானே அந்த ஆளு கத்தியையே உருவினான்.”

ஜெகநாதனின் கை தட்டிலேயே நின்றது.

“இன்னொரு தடவை சொல்லு.”

“பாட்டு நின்னுச்சு. பொறவு கத்தியை எடுத்தான். நீங்களும்தானே பக்கத்துல இருந்தீங்க?”

இருந்தார். பார்த்தார். கேட்டார். பெட்டி ஓய்ந்ததும், டோலக் மட்டும் அதிர்ந்ததும் அவர் காதில் விழுந்தவைதான். இட்லி அப்படியே கிடக்க, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

ஸ்டேஷனில் பித்தளை உறையைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் தட்டினார். வாய்ப்பக்கத்தில் ஏதோ அடைத்திருந்தது. குச்சியால் நெம்பினார். வெள்ளை வெளேரென்று மெல்லிய தோல் துண்டு வெளியே வந்தது.

“இரும்பு உள்ளே ஆடிச் சத்தம் போடாம இருக்க வெச்சிருக்கான் ஐயா” என்றார் தேசப்பன்.

“இது என்ன தோல்?”

“ஆட்டுத்தோல் மாதிரி இருக்குதுங்க. பதப்படுத்தினது. செருப்புக்கு ஆவாது, இவ்வளவு மெல்லிசா இருக்குது.”

இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். ஆர்மோனியம் பலகை மேல் அப்படியே இருந்தது. ஜெகநாதன் அதன் பின்பக்கத்துத் துருத்தியைப் பிரித்துப் பார்த்தார். மடிப்பு மடிப்பாக ஒட்டுப் போட்டிருந்தது. அதே வெள்ளைத் தோல். தேசப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“ஐயா… நீங்க இன்னா நெனைக்கறீங்க?”

ஜெகநாதன் டோலக்குக்காரரை எழுப்பிக் கொண்டுவரச் சொன்னார். அவர் திடலிலேயே ஒரு மூலையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

“துரைக்கண்ணு எழுந்தப்போ ஏதாவது சொன்னாரா?”

“பெரிசா ஒண்ணும் சொல்லலீங்க. பொண்ணு ஓடியாந்தப்ப, ‘இவளா?’ன்னாரு. பெட்டியிலேர்ந்து கையை எடுத்துட்டாரு. சுருதி நின்னுடுச்சேன்னு நான் திரும்பறதுக்குள்ள மேடை மேல இருந்தாரு.”

“ஆள் மாறினது உனக்குத் தெரியுமா?”

“எங்க ரெண்டு பேருக்கும் யாரும் சொல்லலீங்க. கஜபதிதான் வருவாருன்னு இருந்தோம். ஆனா யார் வந்தா இன்னா, நான் வாசிச்சிகினு இருந்தேன்.”

பத்து மணிக்குக் கம்பெனியார் எல்லோரையும் மேடை மேல் கூட்டினார் ஜெகநாதன். லாக்கப்பிலிருந்து வீரபத்திரனும் வந்தான். கையில் விலங்கு. காஞ்சனா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே மலைப்படிகளில் அரோகரா சத்தம்.

“மரக்கத்தியை எடுத்துட்டு நிஜக்கத்தியை வெச்சது யாரு? இது ஒண்ணுதான் கேள்வி” என்று ஆரம்பித்தார் ஜெகநாதன். “வெச்சவன் குறி கஜபதி. தினமும் குத்து வாங்கறவன் அவன்தான். ஆனா இடைவேளையில ஆள் மாறிடுச்சு. அது தெரிஞ்சவன் வெச்சிருந்தா என்ன பண்ணியிருப்பான்? ஏதாவது சாக்கு சொல்லி அந்தக் கத்தியை எடுத்திருப்பான். காஞ்சனாவைக் கொல்ல இங்கே யாருக்கும் காரணமில்ல.”

“வீரபத்திரன்…” என்று இழுத்தான் கஜபதி.

“வீரபத்திரனுக்கு ஆள் மாறினது தெரியும். கத்தி அவன் இடுப்புலயே இருந்துச்சு. அவன் வெச்சிருந்தா, அதை மாத்தறது எல்லாரையும்விட அவனுக்குத்தான் சுலபம். மாத்தல. ஏன்னா அது இரும்புன்னு அவனுக்குத் தெரியாது. அப்போ கத்தியை வெச்சவன், ஆள் மாறினது தெரியாதவன். வேஷ அறையில இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்க ரெண்டே பேர்.”

எல்லாத் தலையும் டோலக்குக்காரர் பக்கம் திரும்பியது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“இவர் வாசிச்சுக்கிட்டே இருந்தாரு. கத்தி இறங்கி, பொண்ணு அலறினப்புறம்தான் நிறுத்தினாரு.”

கோதண்டபாணி எழுந்தார். “சார், இன்னொருத்தர் செத்துப்போனவராச்சே!”

“ஆமா.”

டோலக்குக்காரர் கும்பிட்ட கையை மெல்ல இறக்கினார்.

“நேத்து நான் முன்வரிசையில இருந்தேன்” என்றார் ஜெகநாதன். “கத்தி பளபளக்கறதைப் பாத்து, நிஜக்கத்தின்னு புரிஞ்சு, பெத்த மனசு பதறி அவர் பாஞ்சாருன்னு நானும் நெனைச்சேன். ஊரே நெனைச்சுது. ஆனா பாட்டு எப்போ நின்னுச்சு? காஞ்சனா மேடைக்கு வந்த உடனே. அப்போ கத்தி உறைக்குள்ள இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் வீரபத்திரன் உருவினான். உறைக்குள்ள இருக்கறது மரமா இரும்பான்னு இந்த உலகத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்க முடியும். வெச்சவருக்கு.”

“இல்ல” என்றார் கோதண்டபாணி. “இல்ல சார். துரைக்கண்ணு எறும்பை மிதிக்கமாட்டாரு.”

ஜெகநாதன் தோல் துண்டை நீட்டினார். “உறையில அடைச்சிருந்தது. பெட்டியோட துருத்தியில ஒட்டியிருக்கறதும் இதுதான். ‘இவளா?’ன்னு கேட்டுக்கிட்டே எழுந்திருக்காரு. வேற ஒருத்தன் வருவான்னு காத்திருந்தவர் கேக்கற கேள்வி அது.”

வீரபத்திரன் விலங்கோடு ஒரு அடி முன்னால் வந்தான்.

“துரைக்கண்ணு அண்ணனா? காலையில எனக்கு வெத்தல மடிச்சுக் குடுத்தாரு சார். சண்டை முடிஞ்சு வந்து குந்தினேன், பக்கத்துல வந்து மடிச்சுக் குடுத்தாரு. என் கையால குத்து விழுந்தா தூக்கு எனக்குன்னு அவருக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றார் ஜெகநாதன் மெதுவாக. “நீ ஊரறிய மிரட்டினதாலதான் நேத்தைய நாளைத் தேர்ந்தெடுத்தாரு.”

வீரபத்திரன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

“ஆனா கோர்ட்டுல இதையெல்லாம் யூகம்பாங்க” என்று ஜெகநாதன் காஞ்சனா பக்கம் திரும்பினார். “தோல் எங்கே வேணா கிடைக்கும்பாங்க. காஞ்சனா, நேத்து நான் துணியைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே, பாத்ததில்லைன்னு சொன்னே. மேடையில சிவப்புத் துணி சுத்தின பிடி மட்டும்தானே தெரிஞ்சுது, கத்தியைப் பாக்காமலே எப்படித் தெரியாதுன்னு சொன்னே?”

அவள் தூணை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“உன்னை நான் கட்டாயப்படுத்தப் போறதில்ல. ஆஸ்பத்திரி வாசல்ல உங்கப்பாவுக்குத் தேங்காய் உடைக்கறாங்க. நீ பேசாம இருந்தா அது அப்படியே இருக்கும். இந்த ஆள் மத்தியானம் மாஜிஸ்ட்ரேட் முன்னால நிப்பான். அப்புறம் நடக்கறது என் கையில இல்ல.”

காஞ்சனா வீரபத்திரனின் கைவிலங்கைப் பார்த்தாள். தூணிலிருந்து கையை எடுத்தாள்.

“அந்தக் கத்தி நைனாவோடது. பத்து நாளைக்கு முன்னால அரக்கோணத்துல வாங்கினாரு. துருத்திக்குத் தோல் வெட்டறதுக்குன்னாரு. அவர் நெஞ்சுல இருந்தப்பவே துணிக்கு வெளிய பிடியோட அடிமூக்கு தெரிஞ்சுது சார். அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

“ஏன் செஞ்சாரு?”

“இவரால.” அவள் கஜபதியைக் கை நீட்டிக் காட்டவில்லை, தலையை மட்டும் அசைத்தாள். “திருவிழா முடிஞ்சதும் என்னை மெட்ராசுக்குக் கூட்டிகினு போய் சினிமாவுல சேத்துவுடறேன்னு சொல்லியிருந்தாரு. பொண்டாட்டி இருக்கறவனோட போவாதேன்னு நைனா என் கால்லகூட விழுந்தாரு. முன்ன இப்படித்தான் ஒரு பொண்ணை இட்டுகினு போய் அநாதையா விட்டுட்டு வந்தான்னு சொன்னாரு. நான் கேக்கல. போவேன்னுதான் சொன்னேன். நேத்து காலையில வீரபத்திரண்ணன் சண்டை போட்டதும் அதுக்குத்தான். என் பேரு வெளிய வரக்கூடாதுன்னுதான் அவரு உங்ககிட்ட வாயத் தொறக்கல.”

கஜபதி நெற்றியைத் துடைத்தான். “சார், எனக்கு ஒண்ணும்… நான் போயிட்டு வரட்டுமா?”



காஞ்சனா அவனைத் தாண்டிக் கோதண்டபாணியிடம் போனாள். “வாத்தியாரே, நீங்க சொல்லுங்க. ஒருத்தனைக் கொல்ல வெச்ச கத்தி. இன்னொருத்தரைத் தூக்குக்கு அனுப்ப வெச்ச கத்தி. அதே கத்திக்குக் குறுக்க வந்து விழுந்தாரு. எனக்காக விழுந்தாரா, தான் செஞ்சதுக்குப் பயந்து விழுந்தாரா? உங்க கதையில இந்த மாதிரி ஆளுக்குக் கவசம் நிக்குமா?”

கோதண்டபாணி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். “எனக்குத் தெரியலம்மா. இப்படி ஒரு ஆளை வெச்சு நான் யோசிச்சதே இல்ல.”

“காலையிலேர்ந்து கொழந்தைங்களக் கொண்டாந்து மடியில போடறாங்க” என்று சொன்னவள் அங்கேயே மடங்கி உட்கார்ந்து, அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

தேசப்பன் அவள் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். வீரபத்திரனின் விலங்கைக் கழற்றினார்கள். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், அவன் கொட்டகையை விட்டு நடந்து போய்விட்டான்.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. பிணவறை வாசலில் இருந்த கூட்டம் கரைந்தது. ஒருவர் தான் போட்ட மாலையைத் தேடி எடுத்துக்கொண்டே போனார். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த பங்காளிகள் பஸ் நிலையத்திலேயே விஷயம் கேட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிட்டார்கள். கஜபதி அரக்கோணம் ரயிலில் ஏறிவிட்டதாகப் பங்காரு வந்து சொன்னான். வேஷப் பெட்டியைக்கூட எடுக்கவில்லையாம். காஞ்சனா அதைக் கேட்டு, “ரயில்ல உக்காந்துட்டாரா, நின்னுகினு போனாரா?” என்று சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டாள். பிறகு அப்பாவின் வேட்டியை இழுத்துச் சரி செய்தாள்.

நான்கு மணிக்குப் பாடை கட்டியாகிவிட்டது. கோதண்டபாணி, டோலக்குக்காரர், பங்காரு. மூன்று பேர்தான் இருந்தார்கள். கொள்ளிச்சட்டியை நானே எடுக்கிறேன் என்று காஞ்சனா சொன்னபோது தடுக்கவும் ஆள் இல்லை. நான்காவது தோளுக்கு யாராவது வருவார்களா என்று பார்த்தார்கள். தெருவில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன, யாரும் திரும்பவில்லை.

தேசப்பன் ஜெகநாதனைப் பார்த்தார். ஜெகநாதன் தலையசைத்தார். தேசப்பன் தொப்பியைக் கழற்றிச் சைக்கிள் மேல் வைத்துவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தினார்.

அப்போது ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றிருந்த ஆளை எல்லோரும் பார்த்தார்கள். எப்போது வந்தான், எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. குளித்திருந்தான். காதோரத்தில் மட்டும் மந்திரவாதி வேஷத்தின் கறுப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

காஞ்சனா எழுந்து கைகூப்பினாள். வீரபத்திரன் அவளைப் பார்க்கவில்லை. பாடை மேல் கிடந்த முகத்தையும் பார்க்கவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தேசப்பனைக் கையால் விலக்கிவிட்டு, முன்பக்கத்து மூங்கிலுக்குக் கீழே குனிந்தான்.

“தூக்குங்க” என்றான்.